அழாமல் வா, மென்றுகொண்டே வா

கச்சிராயபாளையம்
22.1.2025

நிர்மலாவுக்கு அக்கா செவ்வந்தி எழுதுவது.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறப் புடவை. நல்ல புடவைதான். அதே அட்டைப் பெட்டியில் வைத்து, அதே கயிற்றைக் கட்டி உனக்கே திருப்பி அனுப்புகிறேன். கூடவே இந்தக் கடிதம்.

பொங்கல் புடவை என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். அது பொங்கல் புடவை இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் மாமாவின் கருமாதியில் நீ என் தோளில் போட்டிருக்க வேண்டிய கோடி அது. பிறந்த வீட்டுக் கோடி பார்சலில் வராது நிர்மலா. ஆள்தான் கொண்டுவர வேண்டும்.

நமக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா போய், அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான். அன்றைக்குப் பந்தலில் என்னை உட்கார வைத்துவிட்டு, "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா, கொண்டாங்க" என்று கேட்டார்கள். யாரும் எழுந்து வரவில்லை. இன்னொரு தடவை கேட்டார்கள். பக்கத்து வீட்டு அம்சவள்ளி ஓடிப்போய், அவள் பீரோவில் இருந்த கட்டாத புடவை ஒன்றை எடுத்துவந்து என் தோளில் போட்டாள். அவர் செத்தது எனக்கு ஒரு சாவு. அந்தப் புடவை தோளில் விழுந்தது இன்னொரு சாவு.

நீ கப்பலில் வந்து சேர்ந்தபோது பந்தல் மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஏண்டி, பிளேன்ல வர்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன். "காது வலிக்கும்கா" என்று சொன்னாய். அத்தனை பேர் முன்னால். காது வலி.

இனிமேலும் நான் போனை எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் திட்டுவேன், யாராவது ஒருத்தி வைத்துவிடுவோம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. நான் படித்த ஐந்தாம் வகுப்பு இதற்குப் போதும்.

உங்கள் ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். அதனால் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் எழுதியிருக்கிறேன். எதில் வேண்டுமானாலும் போய்ச் சேரட்டும்.

செவ்வந்தி

&nbsp;

போர்ட் பிளேயர்
9.2.2025

அக்கா,

புடவை வந்து சேர்ந்தது. கடிதமும் வந்தது. இரண்டையும் இவர் கையில் கொடுத்தார்கள். இவர் படிக்காமலே என் முகத்தைப் பார்த்து, "அக்காவா?" என்று கேட்டுவிட்டு, சித்தாள் வரவில்லை என்று தானே கலவை போடப் போய்விட்டார். இங்கே நான் அழுவதற்குக்கூட துணை இல்லை.

நீ எழுதிவிட்டாய். இப்போது நான் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

அம்மா செத்த அன்று நீதான் எனக்குப் போன் செய்தாய். "மொதல்ல கெளம்பு. அம்மா மொகத்தப் பாக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது, ஞாபகம் வச்சிக்க" என்று சொன்னாய். நான் அப்படியே செய்தேன். வீட்டில் இருந்து ஏர்போர்ட் வரைக்கும் அழுகை. விமானத்தில் ஏறி உட்கார்ந்தும் அழுகை. மூக்கு இரண்டும் கல் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. பிளேனில் வேலை செய்கிற பொண்ணு தண்ணீர் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றேன். மிட்டாய் கொடுத்தாள், வேண்டாம் என்றேன். எச்சிலைக்கூட விழுங்காமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சுத்தமாக நீ சொன்னதைச் செய்தேன். காற்று போகாமல் இருக்கட்டும் என்று இரண்டு காதிலும் பஞ்சு வேறு.

விமானம் இறங்க ஆரம்பித்ததும் காதுக்குள் வலி பிடித்தது. அக்கா, நான் பிள்ளை பெற்றவள். எனக்கு வலி தெரியும். இது வேற. சீட்டைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்தே போய்விட்டான். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே "டப்" என்று ஒன்று தெறித்தது. வலி விட்டது. பஞ்சை எடுத்தேன், ரத்தம்.

அப்படியே அம்மா வீட்டுக்கு, திருநாவலூர் வந்தேன். நீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுதாய். உன் வாய் அசைவதுதான் எனக்குத் தெரிந்தது. ஊரே அழுதது, எனக்குக் கிணற்றுக்குள் இருந்து கேட்ட மாதிரி கேட்டது. அம்மாவுக்கு நீ என்ன சொல்லி அழுதாய் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

மாமா போன அன்றைக்கும் அதே அழுகை, அதே மூக்கு. இவர் டிக்கெட் எடுத்துவிட்டார். ஏர்போர்ட் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். கால் உள்ளே போகவில்லை. கப்பல் இருக்கிறது என்றார்கள், ஓடினேன். அது கிளம்பவே நாளைக் கடத்திவிட்டார்கள். கடலில் அது மெதுவாகத்தான் போகும் என்று எனக்குத் தெரியாதா?

காது வலி என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் ஒரு தடவையாவது, "உன் காது எப்படி இருக்குது?" என்று நீ கேட்டாயா?

புடவையை வைத்திருக்கிறேன். மாமா தெவசத்துக்கு நானே கொண்டுவருவேன். ஆகஸ்ட் கப்பல் தேதி இன்னும் போடவில்லை.

நிர்மலா

&nbsp;

வெள்ளிமலை
25.2.2025

நிர்மலாவுக்கு,

கப்பலை நம்பித் தெவசத்துக்கு வருகிறேன் என்று எழுதாதே. போன தடவையும் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. வருவதானால் பிளேனில் வா. முடியாவிட்டால் வராதே. அம்சவள்ளியிடம் புடவை இருக்கிறது.

நான் இப்போது மலைமேல் வெள்ளிமலையில் வேலைக்கு இருக்கிறேன். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சமையல் உதவி. ஞாயிற்றுக்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்குவேன். எனக்கும்தான் பஸ் மலையில் வளைந்து வளைந்து போகும்போது காது புஸ்ஸென்று அடைக்கிறது. ஒரு கொட்டாவி விட்டால் திறந்துகொள்கிறது. அதற்காக நான் வேலையை விட்டேனா? கைக்குழந்தைகள் எல்லாம் பிளேனில் போகிறதாம். அதுகளுக்குக் காது இல்லையா?

அம்மா சாவில் உனக்கு ரத்தம் வந்தது என்று அன்றே சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது எழுதினால் எனக்கு எப்படித் தெரியும்? நீ கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய அடுப்பில் உலை கொதிக்கிறது. நிறுத்துகிறேன்.

செவ்வந்தி

எந்தக் காது?

&nbsp;

போர்ட் பிளேயர்
10.3.2025

அக்கா,

வலது காது.

அடுப்படியில் நின்றுகொண்டு, கடைசியில் கிறுக்கிக் கேட்டிருக்கிறாய். அதை மட்டும் நாலைந்து தடவை படித்தேன்.

இப்போது பரவாயில்லை. அப்போது மூன்று வாரம் கேட்காமல் இருந்து, பிறகு மெதுவாக வந்துவிட்டது. போனை மட்டும் இடது பக்கம் வைத்துக்கொள்வேன். ஆனால் தலைக்கு மேல் விமானம் போகிற சத்தம் கேட்டால் கை தானாகப் போய் அந்தக் காதைப் பொத்திக்கொள்கிறது. இங்கே தினமும் போகிறது. சித்தாள் பொம்பளைங்க சிரிக்கிறார்கள்.

கொட்டாவி விட்டால் திறக்கும் என்று எழுதியிருக்கிறாய். எழவு வீட்டுக்குப் போகிறவளுக்குக் கொட்டாவியா வரும்?

நீ மலையில் சமைக்கிறாய் என்பதே எனக்கு உன் கடிதத்தில்தான் தெரியும். மாமா இருந்தவரைக்கும் உன்னை வெயிலில் களையெடுக்கக்கூட அனுப்ப மாட்டார். ஜாஸ்தி கனமான அண்டாவைத் தூக்காதே.

நிர்மலா

&nbsp;

வெள்ளிமலை
29.6.2025

நிர்மலா,

மார்ச்சில் நீ எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன். இப்போது இருக்கிறது.

போன சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கினேன். மேலே ஒரு வாரமாகச் சாரல். எனக்குச் சளி பிடித்து மூக்கடைப்பு. பக்கத்து சீட்டில் சாலம்மாள். என்னோடு அடுப்படியில் வேலை செய்கிறவள், இந்த மலைக்காரி. பாதி இறக்கத்தில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி, மரவள்ளிக் கிழங்கு லோடு. மூட்டைக்கு மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு, ஒரு கால் மடக்கி, ஒரு கால் தொங்கவிட்டு. லோடு ஏற்றிவிட்டு உன் மாமா அப்படித்தான் உட்காருவார். வளைவுக்கு வளைவு அந்த முதுகு மட்டும் தெரிகிறது. முகம் தெரியவில்லை. அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆள் திரும்பிவிடக் கூடாது, திரும்பினால் வேறு ஆளாகிவிடுவான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வந்தது. பஸ்ஸில் சத்தம் கேட்கக் கூடாது என்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பிடித்தது. முதலில் காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அடுத்த வளைவில் அந்த விரல் ஊசியாக மாறிவிட்டது. தலையை முன் சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்டேன். சாலம்மாள் ஏதோ கேட்கிறாள், அவள் வாய்தான் அசைகிறது. நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி.

அவள் என் வாயில் இருந்த துணியை இழுத்துப் போட்டாள். மடியில் இருந்த நெல்லிக்காயைக் கடித்துப் பாதியை என் வாயில் திணித்தாள். "மெல்லுக்கா! முழுங்கு! வாய மூடினு இருந்தா காது எப்பிடித் தொறக்கும்?" என்று கத்தியது தூரத்தில் கேட்டது. கண்டக்டர் கண்ணாயிரம் ஓடிவந்தார். "இன்னாம்மா, வாந்தியா? பை வேணுமா?"

"வாந்தி இல்லண்ணே, காது" என்றாள் சாலம்மாள்.

"காதுக்குப் பை குடுக்கலமா கவர்மெண்டு" என்றார் அவர். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நெல்லிக்காய்ச் சாறு தொண்டையில் இறங்க இறங்க, டிக் டிக்கென்று உள்ளே ஏதோ திறந்தது. ஆனாலும் கீழே வந்தும் ஒரு பக்கம் மந்தம்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது டாக்டரம்மா சின்ன வயசு. லைட் வைத்துப் பார்த்தார்கள். மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறதாம். விழுங்கினால், மென்றால், கொட்டாவி விட்டால் அது திறந்து காற்றை உள்ளே விடும். ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று அதுவாகவே வெளியே வந்துவிடும். இறங்கும்போதுதான் வம்பு. வெளிக்காற்று காதை அழுத்தும், நாமாகத் திறந்துவிட வேண்டும். சளியில் அந்தக் குழாய் வீங்கிக்கொண்டால் திறக்காது.

எனக்கு உன் ஞாபகம் வந்தது. "டாக்டரம்மா, என் தங்கச்சிக்கு பிளேன்ல இப்படித்தான் ஆயி ரத்தம் வந்துச்சு. ஆனா அவளுக்குச் சளி கிளி ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"எதுக்காக வந்தாங்க?" என்று கேட்டார்கள்.

"எங்க அம்மா செத்ததுக்கு."

"அப்ப அழுதிருப்பாங்களேம்மா. அழுதாலும் மூக்கு உள்ள அப்படித்தான் வீங்கும். தண்ணி கிண்ணி குடிச்சாங்களா?"

  சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மருந்து கொடுக்கிற வரிசையில் நிற்காமல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அழுதுகொண்டே வா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அது தானாக வரும். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வா என்று சொன்னது நான். நீ எச்சிலைக்கூட விழுங்கவில்லை.

அதனால் பெரியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். தெவசத்துக்கு நீ வருவதானால் பட்டினியாக வரக் கூடாது. குடித்துக்கொண்டு, தின்றுகொண்டு, வாய் ஓயாமல் மென்றுகொண்டு வர வேண்டும். ஊரில் யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் அங்கே ஒரு காது டாக்டரிடம் காட்டு. காது ஜவ்வில் அந்தக் கிழிசல் மூடிவிட்டதா, பிளேனில் ஏறலாமா என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

அவர் வேண்டாம் என்றால் நீ வரவேண்டாம். நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

செவ்வந்தி

&nbsp;

போர்ட் பிளேயர்
11.7.2025

அக்கா,

உன் கடிதத்தை இவரிடமும் படிக்கக் கொடுத்தேன். கண்ணாயிரம் சொன்னதைப் படித்துவிட்டு இவர் சிரிக்க, நான் அழ, வீட்டில் ஒரே கூத்து.

மரத்தடியில் உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எழுந்து போய் மருந்து வாங்கினாயா இல்லையா என்று எழுதவில்லை. வாங்கியிருக்காவிட்டால் நாளைக்கே போய் வாங்கு. நீ சொன்னாய், நான் கேட்டேன். அம்மா உயிரோடு இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும். இதற்காக நீ இன்னொரு சாவை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

டாக்டரைப் பார்த்தேன். காதுக்குள் குழாய் மாதிரி ஒன்றை வைத்து டிவியில் காட்டினார். என் காதை நானே பார்த்தேன். பழைய கிழிசல் மூடிவிட்டது, சின்னத் தழும்பு மட்டும் வெள்ளையாக இருக்கிறது. போகலாம் என்றார். மூக்கில் விட ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். இறங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் விடச் சொன்னார். சும்மா சும்மா விடக் கூடாதாம்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. தெவசத்துக்கு முந்தின நாள் காலை விமானம். மெட்ராஸில் அஜித் வந்து கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். உன் பிள்ளை வளர்ந்துவிட்டான், "சித்தி, பயப்படாம வா, நான் இருக்கேன்" என்கிறான், ஆகாயத்தில் அவன் இருக்கப்போகிற மாதிரி.

ஆனால் அக்கா, மெல்லச் சொன்னால் மெல்லுவேன். குடிக்கச் சொன்னால் குடிப்பேன். அழாமல் எப்படி வருவது? மாமா இல்லாத வீட்டுக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது அந்த ஒரு கேள்விக்கு மேல் நீ என்னிடம் பேசவே இல்லை, நான் உட்கார்ந்து அழவும் இல்லை. அது அப்படியே உள்ளே இருக்கிறது. உயரத்தில் போய் ஜன்னலில் மேகத்தைப் பார்த்தால் பொத்துக்கொண்டு வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இதற்கு டாக்டர் மருந்து எழுதவில்லை.

நிர்மலா

&nbsp;

வெள்ளிமலை
23.7.2025

நிர்மலா,

மருந்து வாங்கினேன். காது திறந்துவிட்டது. இப்போதெல்லாம் இறங்குகிற சனிக்கிழமை சாலம்மாள் ஒரு நெல்லிக்காய், நான் ஒரு நெல்லிக்காய். வலி வருகிறதுக்கு முன்னாலேயே மெல்ல ஆரம்பித்துவிட வேண்டும், வந்த பிறகு மென்றால் பாதிதான் கேட்கும். இதை நீயும் மனசில் வை. விமானம் இறங்கப் போகிறது என்று சொன்னதுமே வாயில் போட்டுக்கொள்.

காதில் பஞ்சு வைக்காதே. டாக்டரம்மாவிடம் மறுபடி போனபோது கேட்டேன், அது உள்ளே இருக்கிற காற்றுக்கு ஒன்றும் செய்யாதாம். தூங்கிவிடாதே. தூங்குகிறவள் விழுங்க மாட்டாள். இறங்கும்போது எழுப்பச் சொல்லி அந்தப் பிளேன் பொண்ணிடம் ஏறும்போதே சொல்லிவிடு. அப்படியும் அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊது. மெதுவாக என்றால் பூ மேல் இருக்கிற எறும்பை ஊதுகிற மாதிரி. அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

நீ கிளம்புகிற நேரத்தில் சளி பிடித்துவிட்டால் வராதே. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. தெவசம் அடுத்த வருஷமும் வரும். காது உனக்கு இரண்டுதான்.

அழுகைக்கு மருந்து கேட்டாய். எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கிற பொறுப்பை உன் மாமாவிடம் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? வேன் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் பெரிய மீசையுமாக முன்னால் இறங்கின ஆளுக்கு மாலையைப் போட்டு, சந்தனம் பூசி, "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முதல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அது வேன் டிரைவர். பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒல்லியாக இறங்கின உன் மாமனாரைப் பார்த்து, "யோவ் டிரைவரு, வண்டிய ஓரமா வுடுய்யா, பொண்ணு வூட்டுக்காரங்க நடக்கணும்" என்று சொன்னார். அந்த மனுஷனும் பாவம், நல்ல நாளில் சண்டை எதற்கு என்று சாவியைத் தேடினார். டிரைவர் கடைசிவரைக்கும் மாலையைக் கழற்றவில்லை. முதல் பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான்.

மேகத்தைப் பார்த்து மூக்கு எரிந்தால் அந்த டிரைவரை நினைத்துக்கொள். உன் மாமாவை நினைத்த மாதிரியும் ஆச்சு, அழாத மாதிரியும் ஆச்சு.

உன் அழுகை எங்கேயும் போகாது. கொண்டுவந்து இங்கே கொட்டு. என்னுடையதும் கொஞ்சம் இருக்கிறது. உட்கார்ந்து சேர்த்து அழலாம்.

அழாமல் வா. மென்றுகொண்டே வா.

அக்கா

&nbsp;

போர்ட் பிளேயர்
3.9.2025

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். போனில் சொன்னேன்தான். ஆனால் அங்கே ஆள் வருவதும் போவதும் சோறு போடுவதுமாக இருந்ததில், வந்த கதையை உனக்கு முழுசாகச் சொல்லவே இல்லை.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பொண்ணு. இந்திக்காரி. இறங்கப் போகிறோம் என்று மைக்கில் சொன்னபோது மூக்கில் சொட்டு மருந்து ஏற்கனவே விட்டாச்சு, வாயில் புளிப்பு மிட்டாய் போட்டாச்சு, தண்ணீர் பாட்டில் மடியில். அவள் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. தூத் தோ, பால் கொடு, முழுங்கட்டும் என்று காதைக் காட்டிச் சொன்னேன். கொடுத்தாள். குழந்தை முழுங்கியது, நானும் முழுங்கினேன். அது சமாதானமாகிவிட்டது. கைக்குழந்தைக்குக் காது இல்லையா என்று எழுதியிருந்தாயே, இருக்கிறது அக்கா. அதுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் ஜன்னலில் கரை தெரிந்தது. நம்ம நிலம். கீழே எங்கேயோ மாமா இல்லாத வீடு என்று நினைத்தேன். அவ்வளவுதான், மூக்கு எரிந்தது. வலது காதில் அந்தக் கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது.  கண்ணை மூடிக்கொண்டு டிரைவரை நினைத்தேன். மாலையும் மீசையுமாக முதல் இலையில் உட்கார்ந்து அப்பளம் கேட்கிறான். என் மாமனார் சாவி தேடுகிறார். சத்தமாகச் சிரித்துவிட்டேன் அக்கா. வாய் திறந்தது, காதும் டிக்கென்று திறந்தது. அந்தப் பொண்ணு குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

கால்வாசி அடைப்பு மிச்சம் இருந்தது. அதற்குத்தான் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வரைக்கும் கடலை மிட்டாய் மென்றுகொண்டே வந்தேன். "சித்தி, எனக்கும் ஒண்ணு குடு" என்று அஜித் பாதியைத் தின்றுவிட்டான்.

தெவசத்துக்கு இலை போட்டுப் படைத்து, நான் உன் தோளில் புடவையைப் போட்டபோது நீ அதை தடவித் தடவிப் பார்த்தாய்.  எல்லாரும் போன பிறகு மத்தியானம் பாயில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு அன்னிக்கி இன்னாக்கா சொல்லி அழுத?" என்று கேட்டேன். நீ முதலில் மாட்டேன் என்றாய். அப்புறம் அம்மாவுக்குச் சொன்னதைச் சொன்னாய், அப்படியே மாமாவுக்கும் சேர்த்துச் சொன்னாய். நாலு வருஷம் கழித்து நம்ம அம்மா செத்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டேன்.

இப்போது தலைக்கு மேல் விமானம் போனால் கை காதுக்குப் போகவில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன்.

நிர்மலா

&nbsp;

வெள்ளிமலை
17.9.2025

நிர்மலா,

உன் கடிதம் மலைக்கு வந்து சேர்ந்தது. சாலம்மாள் கேட்டாள் என்று அவளுக்கும் படித்துக் காட்டினேன். குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொன்ன இடத்தில், "கெட்டிக்காரி உன் தங்கச்சி" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஆட்டோவில் இருந்து இறங்கி வாசலுக்கு வந்தபோது உன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பந்தல்காரனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அம்சவள்ளி என் காதைக் கடித்தாள். "தெவசத்துக்கு வர்றவ இன்னாத்தையோ மென்னுகினு வர்றா பாரேன். கூடப் பொறந்தவளா இவ?"

"கூடப் பொறந்தவதான். நாந்தான் மெல்லச் சொன்னேன். நீ போய் எல அறுத்துனு வா" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் அன்றைக்கு ஓடிப்போய்ப் புடவை எடுத்துவந்தவள் அவள்தானே என்று மனசு கேட்காமல், பின்னாலேயே போய் முழுக் கதையையும் சொன்னேன். வலது காது, ரத்தம், பச்சைத் தண்ணீர் எல்லாவற்றையும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ கிளம்பும்போது உன் பையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் இருந்ததே, அஜித் வைத்தான் என்று நினைத்திருப்பாய். அது அவள் வைத்தது.

கத்தரிப்பூப் புடவையைப் பெட்டியில் வைக்கவில்லை. போன வாரம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னாம்மா, இன்னிக்கி காதுக்குப் பை வேணாமா?" என்றார் கண்ணாயிரம். இறங்கும்போது மரவள்ளி லாரி ஒன்று முன்னால் போனது. மேலே யாரும் இல்லை, மூட்டைகள் மட்டும்தான். பார்த்தேன். அழுகை வரவில்லை என்று எழுத மாட்டேன், வந்தது. நெல்லிக்காயும் வாயில் இருந்தது.

அரைப் பரீட்சை லீவில் பள்ளி மூடினால் அடுப்பும் மூடிவிடும். உன் வீட்டுக்காரர் வெற்றிவேல் போனில், "அக்கா, கடலப் பாக்க வாங்க, நானே டிக்கெட் போடுறேன்" என்று கூப்பிட்டார். இத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறார், உன் மாமாதான் தண்ணியைக் கண்டால் பயம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவிடம் காதைக் காட்டிவிட்டேன், போகலாம் என்றார்கள். சாலம்மாள் நெல்லிக்காயை உப்பில் ஊறப்போட்டுத் தருகிறேன் என்கிறாள், அதை விமானத்தில் விடுவார்களா என்று அஜித்திடம் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் குறை. அந்த டிரைவர் கதையை நான் உனக்குக் கொடுத்துவிட்டேன். விமானம் இறங்கும்போது நான் எதை நினைத்துச் சிரிப்பது? உன் மாமா உன்னிடம் அடித்த கூத்து, எனக்குத் தெரியாதது, ஒன்றாவது இருக்கும். யோசித்து எழுதி அனுப்பு. டிசம்பருக்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா